அடி மூடாத பானைகள்

மாதக்கணக்கில் சேற்றில் கை வைத்ததற்குத் தெரசாவுக்கு மிஞ்சியது அடியில்லாத ஒரு பானை. வாய் இருந்தது. கழுத்து இருந்தது, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து. அடிப்பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தன் கால் விரல்கள் தெரிந்தன.

"இதுல பொங்கல் வெச்சா அடுப்புதான் சாப்புடும்," என்றாள். கொட்டகையில் இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் சிரித்து இன்னொருத்தர் காதில் விழுந்துவிட்டால் மானம் போய்விடுமே!

அடியில்லாதது தெரசாவின் தப்பு இல்லை. கோவில்பதாகையில் இந்தக் கொட்டகையில் பானை செய்கிற முறையே அப்படித்தான். ஹேமநாதன் கரண்டுச் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் எழுப்பி, நூலால் அறுத்து இறக்கிவிடுவான். அடி ஓட்டையாகவே இருக்கும். பாதி ஈரம் காய்ந்ததும் அவன் மனைவி சுரேகா அதை மடியில் வாங்கி, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மண்ணை இழுத்து வயிறாக்கி அடியை மூடுவாள். அவனுக்கு மூடத் தெரியாது. அவளுக்குச் சக்கரம் வராது. அதை ஒரு குறையாக இருவருமே நினைத்ததில்லை.

தெரசாவால் அப்படி இருக்க முடியவில்லை. கொரட்டூரிலிருந்து கற்றுக்கொள்ள வருகிற அவளுக்கு, வாயிலிருந்து அடிவரை தன் கையால் செய்த முழுப் பானை வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். ஆயுசெல்லாம் யாரோ யாரோடோ பேச இணைப்புக் கொடுத்ததைத் தவிர, "இது நான் செய்தது" என்று காட்ட ஒரு துரும்பும் இல்லையே என்கிற ஏக்கம், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. வந்த ஏக்கம் வாயைச் சும்மா விடவில்லை. கொரட்டூரில் அவர்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், செபம் முடிந்த சூட்டோடு, "இந்த வருஷம் மாதா கோயில்ல நம்ம அன்பியத்துப் பொங்கல் நானே செஞ்ச பானையிலதான்," என்று அறிவித்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெனிதா மட்டும், "நீங்களேவா? முழுசாவா?" என்று கேட்டாள். "முழுசாத்தான்!" என்று தெரசா அடித்துச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா இந்தப் புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை வர வேண்டும்?

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. யூடியூப்காரர் ஒருவர் வந்து படம் பிடித்துப் போனார். ஹேமநாதன் இஸ்திரி போட்ட சட்டையோடு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, "பான எல்லாமே நாந்தாண்ணா செய்றது. ஊட்ல கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க," என்று பேசியிருந்தான். சுரேகா அதைப் பக்கத்து வீட்டு முனியம்மாவின் போனில் பார்த்தாள். பார்த்த கையோடு கல்லையும் பலகையையும் கழுவி, கூரை இடுக்கில் செருகிவிட்டாள்.

ஹேமநாதனும் வீம்புக்குச் சக்கரத்தை நிறுத்தவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க, கொட்டகை முழுக்க ஈரக் கோணிக்கு அடியில் அடியில்லாத பானைகள் சேர்ந்துகொண்டே போயின. காலெடுத்து வைக்க இடமில்லை.

"ஆன்ட்டி, கோணி காயுது. தண்ணி தெளிக்கச் சொல்லுங்க," என்பான் அவன், கையெட்டும் தூரத்தில் நிற்கும் மனைவியைப் பார்க்காமல்.

"கை கீதில்ல? தெளிச்சிக்கச் சொல்லுங்க ஆன்ட்டி."

"இப்ப மூடலன்னா காஞ்சி அத்தினியும் வீணாப்பூடும்னு சொல்லுங்க."

"எல்லாத்தையும் அவுருதான செய்றாரு? அத்தையும் செய்யச் சொல்லுங்க."

ரிட்டயர் ஆன பிறகும் தெரசாவுக்கு இணைப்புக் கொடுக்கும் வேலைதான். எக்ஸ்சேஞ்சிலாவது பேசுகிறவர்கள் கண்ணெதிரே இருந்து தொலைக்கமாட்டார்கள்.

"ஏம்மா சுரேகா, உங்க சண்டை உங்களோட. எனக்கு அடி மூடக் கத்துக்குடு. நான் பாட்டுக்கு மூடிக்கினு போறேன்."

"நா ஒத்தாசைக்கு கீறவ ஆன்ட்டி. வாத்தியாரு அங்க கீறாரு, கேளுங்க."

தெரசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டிப் பலகையையும் கல்லையும் உருவினாள். கோணியை விலக்கி ஹேமநாதனின் பானை ஒன்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பலகையில் மண் ஒட்டாமல் இருக்கச் சாம்பலைத் தூவி, தட்ட ஆரம்பித்தாள். அது ஒரு பக்கம் நசுங்கியது. தூரப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது பிளந்தது. ஹேமநாதன் சக்கரத்தை விட்டுப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுரேகா, மூன்றாவது பானையின் மேல் பலகை விழுந்த சத்தத்தைக் கேட்டதும் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னா ஆன்ட்டி இது, துணி துவைக்கிற மாரி! கல்லு ஒரு பக்கம் கீது, பலகைய இன்னொரு பக்கம் போட்றீங்க. குடுங்க இப்டி!"

பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பானை மூடியது. இன்னொன்றும் மூடியது. யார் மேல் இருந்த கோபமோ, கை அத்தனை வேகமாகப் போயிற்று. வரிசையில் தெரசாவின் சாய்ந்த கழுத்துப் பானை வந்தபோது, தெரசா பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மட்டும் நான்தான்."

சுரேகா பலகையையும் கல்லையும் நீட்டினாள். இந்த முறை தெரசா அவசரப்படவில்லை. கல் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, அதற்கு நேரே தட்டினாள். மண் இழுபட்டது, வயிறு வந்தது. ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. வந்துவிட்டது என்று அவள் மனது துள்ளிய நேரத்தில் பக்கச் சுவர் கிழிந்து, உள்ளே இருந்த கல்லும் கையும் வெளியே வந்தன.

அழுகை வந்தது. இந்த வயதில் ஒரு மண் பானைக்கா அழுவது என்று கோபமும் வந்தது.

"முடியலம்மா. நீயே மூடிக் குடு."

சுரேகா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பச்ச மண்ணு வெச்சி ஒட்டி மூடிடலாம். ஆனா கோயில்ல யாரு செஞ்சதுன்னு கேப்பாங்களே, இன்னா சொல்வீங்க?"

"நானே செஞ்சது" என்ற பதிலைத் தெரசா கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தே வைத்திருந்தாள். சுரேகா பலகையைத் தூக்கியவள் தூக்கியபடியே இருந்தாள். ஹேமநாதனின் சக்கரமும் நின்றுவிட்டது.

தெரசா சேற்றுக் கையோடு போனை எடுத்தாள். அன்பியத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, குரல் பதிவை அழுத்தி, ராங் நம்பர் என்று சொல்லும் குரலில் சொன்னாள்: "எல்லாரும் கேளுங்க. ரெனிதா, நீயும் கேளு. பொங்கப் பானை நான் செய்யல. கோவில்பதாகை சுரேகா செய்றாங்க. நான் கத்துக்கினுதான் இருக்கேன்."

பலகை இறங்கியது. சுரேகா கிழிசலில் பச்சை மண்ணை அப்பி, வலிக்காத மாதிரி தட்டத் தொடங்கினாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அவுரு பேர ஏன் உட்டுட்டீங்க? வாயும் கழுத்தும் உங்க கைய புடிச்சிகினு அவுரு தூக்குனதுதான? நா பாத்துகினு தான இருந்தேன்."

ஹேமநாதன் நேராக மனைவி பக்கம் திரும்பினான். "சுரேகா, அடிய கொஞ்சம் தடியா உடு. அடுப்புல ஏத்துவாங்க."

"எனக்குத் தெரியும். நீ சக்கரத்த சுத்து."

"அப்ப நான் இன்னாதான் செஞ்சேன்?" என்று தெரசா கத்தினாள்.

அவர்கள் மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆகிவிட்டார்கள், தலைக்கு மேல் வேலை இருந்தது. தெரசா போனை மறுபடி எடுத்தாள். "சுரேகா மட்டும் இல்ல, அவ வீட்டுக்காரர் ஹேமநாதனும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தவள், தன் பெயரை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். விரல் பொத்தானை விட்டு எழவில்லை. பலகை தட்டும் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது.