ராமாயி வாயில் வந்த வசனங்கள்

நடிகை அம்சவேணி மேடையிலோ கேமரா முன்னாலோ மைக்கிலோ என்ன பேசினாலும், அதே நொடியில் பூவத்தங்குடியில் நடவு நட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா ராமாயியின் வாயிலும் அது வந்தது. பூவத்தங்குடி மாயவரத்துக்குத் தெற்கே, வாய்க்காலோடு முடிந்துபோகும் சாலையில் இருக்கிறது. வெறும் அம்சமாக நாடகக் கம்பெனிக்குப் போனவள், கும்பகோணத்தில் முதல் ஒத்திகையில் "சுவாமி, என்னைக் கைவிடலாமா" என்று கேட்ட முற்பகலில், நாற்று பறித்துக்கொண்டிருந்த ராமாயி நிமிர்ந்து, வரப்பில் நின்ற தலையாரியிடம் அதையே கேட்டாள். தலையாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வேகமாகப் போய்விட்டார். ஒரு போகம் முழுக்க ஊர் அதையே பேசியது, அடுத்த போகத்தில் பழகிவிட்டது. அம்சம் சோறு கேட்டதும் சண்டை போட்டதும் அம்மா வாயில் வரவில்லை, ஊர் கேட்கப் பேசியது மட்டும்தான் வந்தது. அவள் சினிமாவுக்குப் போன பிறகு, படம் மாயவரம் கொட்டகைக்கு வருமுன்பே பூவத்தங்குடிப் பெண்களுக்குக் கதை தெரிந்திருந்தது. ரீடேக் அதிகமான நாட்களில் ராமாயி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் அம்சவேணிக்கு இது பெருமையாக இருந்தது. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் தொண்டைக்குக் கற்கண்டும் மிளகும் வாங்கி வருவாள். பிறகு படக் கம்பெனிக்காரர்கள் அவளைத் தஞ்சாவூர்ப் பெரிய குடும்பத்துப் பெண் என்று விளம்பரம் செய்தார்கள். அவள் மறுக்கவில்லை. வானொலிப் பேட்டி ஒன்றில் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, சேற்றில் நிற்கிறாள் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"எங்க அம்மா நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே தவறிட்டாங்க" என்றாள்.

சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான், தான் பேசியது மைக்கில் என்பது அவளுக்கு உறைத்தது. பூவத்தங்குடியில் அப்போது நடவு வரிசை பாதி வயலைத் தாண்டியிருந்தது. ராமாயி அதைச் சொன்னதும் நடவுப் பாட்டு நின்றது. ராமாயியைப் பெற்றவள் கிழமாகி, போன மாசியில்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். அதனால் செத்ததாகச் சொல்லப்பட்டது யார் என்று வரிசையில் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் தலை நிமிரவில்லை. ராமாயி அடுத்த நாற்றுமுடியைப் பிரித்து நட்டாள். அந்தப் பொங்கலுக்கு அம்சவேணி ஊருக்குப் போகவில்லை, அதற்கடுத்த பொங்கலுக்கும் போகவில்லை.

ஆட்சி மாறியது. மந்திரிகள் நாடகம் பார்க்க வந்தார்கள், மாநாட்டுப் பந்தல்களில் நடிகைகளுக்கு நாற்காலி போட்டார்கள். காவிரிப் பாசன ஊர்களில் கூலிச் சண்டை முற்றியிருந்த சமயம் அது. ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் மிராசுதார் சங்கம், நடுவில் போலீஸ் முகாம். அம்சவேணி பண்ணையாள் மனைவியாக நடித்த நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. திருச்சிப் பந்தலில் ஒரு மாலை, மேடைப் பண்ணையாரை நோக்கிக் கை நீட்டி, "நெல் எங்கள் கையில் முளைக்கிறது, உங்கள் பத்தாயத்தில் உறங்குகிறது. இனி அது எங்கள் வீட்டில் உறங்கும்" என்றாள். பந்தல் அதிர்ந்தது.

அதே நேரத்தில் ராமாயி வைத்தியலிங்கம் பண்ணையின் கொட்டிலில் மாடு கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவர் பண்ணையின் காரியக்காரர் கண்ணுசாமி. அது மகளின் பேச்சு என்பது அவருக்கும் தெரியும். கூலிச் சண்டைக் காலத்தில் யார் பேச்சென்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பிற்பாடு அவரே சொன்னார். மாட்டுத் தும்புக் கயிற்றை எடுத்து அடித்தார். நாடகம் முடியவில்லை, ஆகவே ராமாயியாலும் நிறுத்த முடியவில்லை. வசனத்துக்கு வசனம் பந்தலில் கைதட்டல் விழுந்தது, கொட்டிலில் அடி விழுந்தது. முடிவில் மந்திரி அம்சவேணிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் தஞ்சாவூரில் நாடகம். தம்பி கோவிந்தராசு அவள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, நேத்து சாயங்காலம் என்ன பேசுன?"

அவள் சொன்னாள்.

"அதுக்குத்தான் அம்மாவ அடிச்சிருக்காங்க. இடது கையத் தூக்க முடியல."

பொன்னாடை கட்டிலில் கிடந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அம்சவேணி அதன்மேலேயே உட்கார்ந்தாள். வானொலிப் பேச்சன்று வயலில் நடந்ததையும் கோவிந்தராசு சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்று மாலை மேடையில் அந்த இடம் வந்தபோது கையை நீட்டினாள், வசனம் வரவில்லை. தான் எதைச் சொன்னாலும் அது அம்மா வாயில் வரும், அம்மா காதில் விழும். "அம்மா, வலிக்குதா?" என்றாள். கொஞ்சம் நின்று, "ரொம்ப வலிக்குதா?" என்றாள். நிலத்தாயைக் கேட்கிறாள் என்று எண்ணிக் கூட்டம் அழுதது. பத்திரிகைகள் அந்த இடத்தைத் தனியாகப் புகழ்ந்தன. நாடகாசிரியர் அதைப் பத்தாய வசனத்தோடு சேர்த்து நிரந்தர வசனமாக்கிவிட்டார். அதற்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் அதற்குக் கைதட்டல் விழுந்தபோதெல்லாம் உடம்பு கூசி நின்றாள்.

தஞ்சாவூர் நாடகம் நடந்த வாரமே வாய்க்கால் மதகோடு காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் நடந்து போனாள். ராமாயி கையில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அழலாம் என்றால், அழுதால் நடிப்பாகத் தெரியுமோ என்று அம்சவேணிக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேச்சு நல்ல பேச்சுதான், அம்சம்" என்றாள் ராமாயி. "நாலு பேரு கூட நிக்கிறப்ப வந்திருந்தா நல்லாருந்திருக்கும். நான் ஒத்தையில நின்னேன்."

வானொலியைப் பற்றி அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மகளுக்கு.

அதன்பிறகு எந்த ஊரில் எந்த நேரம் நாடகம் என்று கோவிந்தராசுவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினாள். அந்த நேரத்துக்குத் தெருவே ராமாயியைச் சுற்றி நின்றது. தாசில்தார் வந்த கூலிப் பேச்சுவார்த்தையை நாடக நேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ராமாயி முன்வரிசையில் நின்று, பத்தாயத்தில் உறங்கும் நெல்லைப் பற்றிப் பேசினாள். கண்ணுசாமியின் கை அசையவில்லை. கூலி அரை மரக்கால் நெல் கூடிற்று. அம்சவேணியால்தான் கிடைத்தது என்று ஊர் சொன்னது. அவளால் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை.

அவள் கதாநாயகியாக இருந்து, அக்காவாகி, மாமியாராகி நடித்தாள். அம்மாவுக்கு மாடி வீடு கட்டித் தந்தாள். பேட்டிகளில் அம்மாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றப் பழகிக்கொண்டாள். முன்பு சொன்னது பொய் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மைக்கின் முன்னாலும் சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

ஓர் ஐப்பசி மழையில் ராமாயி படுத்த படுக்கையானாள். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்சவேணி காபித்தூள் விளம்பரம் பேசிக்கொண்டிருந்தாள். பூவத்தங்குடியில் ராமாயி கண்ணைத் திறக்காமலேயே, "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அப்புறம் வேற காபி கேக்கவே மாட்டீங்க" என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு மூச்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் படையலில், காலையில் நீராகாரம் தவிர வேறு அறியாத ராமாயிக்குக் காபி வைத்திருந்தார்கள். மாயவரத்துக்கு ஆள் அனுப்பி அந்தக் காபித்தூளையே வாங்கி வரச் செய்தவள், நடவு வரிசையில் ராமாயிக்குப் பக்கத்து ஆளான ரெங்கம்மாள். "கடைசியா வாய்விட்டுக் கேட்டது அதத்தான். இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றாள். படையலில் வைத்திருந்த பாக்கெட்டின் மேல் அம்சவேணியின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அம்சவேணி குனிந்து அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சரிந்துவிட்டது என்று நினைத்து ரெங்கம்மாள் அதை மறுபடி நேராக்கினாள். பிறகு வந்திருந்த எல்லோருக்கும் காபி ஊற்றினார்கள், அம்சவேணியும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். பூவத்தங்குடியில் ராமாயியின் திதிக்கு இன்றும் காபிதான் படைக்கிறார்கள்.