அலாஸ் என்றால் தண்ணீர்

பக்கவாதம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது அவரிடம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் விட்டுவைத்தது. அலாஸ். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஆயுள் முழுக்க ப்ரூஃப் பார்த்த மனுஷனுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?

மகள்தான் போனில் விளக்கினாள். "பழைய இங்கிலீஷ்மா. நாம 'ஐயோ'ன்னு சொல்றோம்ல, அது மாதிரி. இப்பல்லாம் கிண்டலுக்குத்தான் சொல்வாங்க. யாராவது நிஜமாவே எழுதினா அப்பா அந்த வார்த்தையை அடிச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பாரு."

"ஐயோவாவது மண்ணாங்கட்டியாவது! உங்கப்பா தண்ணி கேக்கறாருடி," என்று அம்மாக்காரி போனை வைத்துவிட்டாள்.

அவள் வைத்ததுதான் அகராதி. இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் ஜன்னலைச் சாத்து. மூக்கால் முனகினால் புரட்டிப் படுக்க வை. புருஷனின் ஒற்றை வார்த்தைக்கு இத்தனை பொருள் கண்டவள் அந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்குப் பெருமை வேறு.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணுக்கு அந்தப் பெருமை எடுபடவில்லை. "நாம சொல்றது அவருக்குப் புரியுதுன்னு தெரிஞ்சாத்தாம்மா இங்க வெச்சுப் பயிற்சி குடுக்க முடியும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும்."

வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான், கடைசிவரை இப்படியே கிடப்பார்.

"புரியுது மேடம், எல்லாம் புரியுது! வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

அந்தப் பெண் அவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினாள். அவர் என்ன கேட்கிறார் என்று அங்கிருந்தே சொல்ல வேண்டும்.

"அலாஆஸ்."

"தண்ணி!"

"அலாஸ்."

"ஜன்னல்! ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு!"

திரை விலகியது. அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் இருந்தது. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"முதல்ல, சீப்பை எடுத்துக் குடுங்கன்னு அவர் காதுல மெதுவா கேட்டேம்மா. கையே அசையலை. ரெண்டாவது தடவை நான் எதுவுமே கேக்கலை. சுவரைப் பார்த்துச் சொன்னாரு. மன்னிச்சுடுங்க."

அந்தப் பெண் போய்விட்டாள்.

இத்தனை நாளும் அவர் பேசவே இல்லை, இரண்டு பேருக்குமாகத் தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று இவளுக்கு உறைத்தது. கோபம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னங்க, என்னை இப்படி நட்டாத்துல விட்டுட்டீங்களே..."

ஐயோ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் காலையிலிருந்து இரவுவரை கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதுதான் வெளியே வந்தது.

"அலாஆஸ்..."

அவர் தலையைத் திருப்பினார். நன்றாக இருந்த இடது கை மேஜைமேல் தடவியது. டம்ளரைத் தொட்டது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. பாதியை அவள் மடியில் கொட்டிக்கொண்டே அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

வராந்தாக் கோடியில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "மேடம், போயிடாதீங்க!" என்று கத்தினாள். எழுந்து ஓடக் கால் பரபரத்தது. ஆனால் டம்ளர் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

முதலில் அந்தத் தண்ணீரைக் குடித்தாள், ஒரு சொட்டு விடாமல். பிறகுதான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.