குளோரோபாரம் வராத வருஷம்

யுத்தம் நீண்டுகொண்டே போனதில் குளோரோபாரம் வருவது நின்றுபோயிற்று. மருந்தெல்லாம் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்றார்கள். ஆனால் சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் வகுப்பு நிற்கவில்லை. சூரமங்கலம் பக்கத்துக் குட்டைகளிலிருந்து தவளை பிடித்துத் தரும் வீரன் ஈரச்சாக்கில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கினான். மாணவர்கள் தவளைகளை மயக்காமலே மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கால்களில் ஊசி குத்தி, வயிற்றைக் கிழித்தார்கள்.

செய்முறை சொல்லிக்கொடுக்கும் டிமான்ஸ்டிரேட்டர் அர்த்தநாரி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஜன்னலோரத்தில் ஒரு தவளை ஊசிகளைப் பிய்த்துக்கொண்டு துள்ளியது. திறந்த வயிற்றோடு தரையில் விழுந்து, பெஞ்சுக்கடியில் ஒதுங்கியது. பையன்கள் சிரித்தார்கள். அர்த்தநாரி குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் அதன் தொண்டை மூச்சுக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சோற்றில் கை வைத்தவன் எழுந்துவிட்டான். வாசலுக்குப் போனான்; திரும்பி வந்தான்; மறுபடி கை கழுவினான்.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள் மனைவி குஞ்சம்மாள்.

"ஒண்ணுமில்ல. நீ சாப்புடு."

மறுநாள் பேராசிரியர் கைலாசத்தின் அறைக்குப் போனான்.

"சார், ஊசியில மூளையையும் தண்டுவடத்தையும் அழிச்சுப்போட்டுக் குடுத்தா அதுகளுக்கு வலி தெரியாதுங்க. இதயம் துடிக்கறதும் நிக்காது. பாடத்துக்கு ஒண்ணும் கொறையாதுங்க."

"எனக்குத் தெரியாதா அர்த்தநாரி? பசங்க கையில ஊசியக் குடுத்தா கண்ட எடத்துல குத்துவானுங்க. அது இன்னும் கொடுமை. நீங்க ஒருத்தரே அத்தனைக்கும் செய்ய முடியுமா?"

"செஞ்சர்றனுங்க சார்."

"அப்பச் செய்யுங்க. வகுப்பு மட்டும் தாமதமாகக் கூடாது."

அதன்பின் வகுப்பு நாட்களில் அர்த்தநாரி முன்னதாகவே வந்தான். தவளையின் தலையைக் கட்டைவிரலால் தாழ்த்தி, பிடரிப் பள்ளத்தில் ஊசியை இறக்கித் திருப்புவான். கால்கள் ஒருமுறை விறைத்துத் தொங்கிவிடும். மேசைகளில் எதுவும் நெளியவில்லை, துள்ளவில்லை. ஆனால் அவனுக்குத்தான் நிம்மதி இல்லை. முன்பு அவன் பார்க்க மட்டும் செய்தான். இப்போது ஒவ்வொன்றும் அவன் கையால் போயிற்று. மழை பெய்தால் சாக்கடையோரம் தவளைச் சத்தம் கேட்கும்; அவன் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவான்.

மேசைக்கு ஒன்று போதுமே, நாலைந்து பேர் சுற்றி நின்று பார்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தான். கைலாசம் ஒத்துக்கொள்ளவில்லை.

"பரீட்சையில ஆளுக்கொண்ணு அறுக்கணும். கை பழகாம பெயிலாப் போனா, அவன் அப்பன் எங்கிட்டத்தான வருவான்?"

ஒருநாள் காலையில் அர்த்தநாரியின் கை தவறியது. ஊசி வழுக்கி எங்கோ இறங்கிவிட்டது. தவளை குழந்தை மாதிரி கத்தியது. அவசரமாக மறுபடி குத்தி அதை முடித்தான். நிமிர்ந்தபோது கைலாசம் வாசலில் நின்றிருந்தார்.

"கொடுங்க" என்று ஊசியை வாங்கிக்கொண்டார். முதல் தவளை சரியாக முடிந்தது. அடுத்ததில் அவர் கையும் தவறியது. அதுவும் கத்தியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார்.

"சாக்கைக் கட்டுங்க. இன்னிக்கு மேசைக்கு ஒண்ணு போதும்."

"அப்பப் பரீட்சைக்குங்க?"

"பாத்துக்கலாம்."

பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன் வெட்டும்போது மற்றவர்கள் வரைந்தார்கள், பிறகு மாறிக்கொண்டார்கள். பரீட்சையன்று ஆளுக்கொரு தவளை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. விடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அத்தனையையும் முடித்தார்கள். எல்லா வருஷமும் போல அந்த வருஷமும் சிலர் தவறினார்கள். கூடுதலாக யாரும் தவறவில்லை.

"பரீட்சையையும் மேசைக்கு ஒண்ணுன்னு மாத்தச் சொல்லி யுனிவர்சிடிக்கு எழுதலாமுங்களா சார்?" என்றான் அர்த்தநாரி.

"எழுதலாம். கேக்க மாட்டாங்க."

"இருந்தாலும் எழுதுவமுங்க."

கைலாசம் மேசை இழுப்பறையைத் திறந்து காகிதம் தேடினார். அர்த்தநாரி உட்காரவில்லை. அவர் எழுதி முடிக்கும் வரை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.