எழுபத்தைந்தாவது நிமிடம்

யூனிஸ் ஒரு பெண்ணைத் திட்டினால் அந்தப் பெண்ணுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். மர்பி டவுனில் இது தெரியாதவர்கள் கிடையாது. "காலா அது, கரண்டியா?" என்று கோட்டுக்கு வெளியே நின்று அவள் ஏசிய பெண்கள் எல்லாரும் பின்னால் மாநில அணிக்கு ஆடினார்கள். அவள் ஒன்றும் பேசாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தால், ஆடுகிறவள் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாராட்டு என்று ஒன்று அவள் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரத்திலேயே இல்லை. "இவளைப் பொண்ணு பார்க்க வந்த ரெண்டு மாப்பிள்ளை கிட்டயும் மரியாதையா பேசுனா. அப்பவே தெரிஞ்சிபோச்சு, இது நடக்காதுன்னு" என்பான் அவளுடைய அண்ணன் தியோடர்.

நாற்பத்தொரு வயது யூனிஸுக்கு வேலை, காலேஜ் பெண்கள் ஆடும் கால்பந்தைப் பார்த்து யார் தேறுவாள், யார் தேறமாட்டாள் என்று ரிப்போர்ட் எழுதுவது. லேக்சைட் கிளப்பின் ஸ்கவுட். தியோடருக்கும் அதே வேலைதான், ஆனால் ஈஸ்ட் எண்ட் என்கிற எதிரி கிளப்புக்கு. ஒரே வீடு. மாடியில் அவன் குடும்பம், கீழே இவள். வருஷம் முழுக்க ஒரே குண்டான் பிரியாணியைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். மார்ச் வந்தால் மட்டும் இரண்டு பேரும் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

மார்ச்சில்தான் டிராஃப்ட். ஆறு கிளப்புகள் ஒரு ஹாலில் உட்கார்ந்து, கடைசி வருஷப் பெண்களை வரிசையாகப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளும் நாள். கிளப்புக்கு ஒரு சுற்றில் ஒரு பெயர், மொத்தம் மூன்று சுற்று. ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் தொடக்கூடாது. பெண் பார்க்கிற சடங்கு மாதிரிதான், பஜ்ஜிக்குப் பதில் பிஸ்கட் வைப்பார்கள்.

லேக்சைட்டின் மேனேஜர் பாலசுப்ரமணியன், கால்பந்தை லேப்டாப்பில் மட்டுமே உதைத்துப் பழகியவர். ஜனவரியிலேயே யூனிஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொம்ப மரியாதையாகக் கழுத்தில் கத்தி வைத்தார்.

"யூனிஸ், எலும்பெல்லாம் இரும்புன்னு நீங்க எழுதுன பொண்ணு மொதல் வாரமே கால ஒடிச்சிக்கிட்டா. வேணாம்னு எழுதுன பொண்ணு வேற கிளப்புக்குப் போயி நமக்கே ரெண்டு கோல் போட்டா. இன்னும் ஒரே ஒரு ரிப்போர்ட் தப்பாச்சுன்னா, அடுத்த சீசன்லேர்ந்து கேமரா சாஃப்ட்வேர் போட்டுடலாம்னு இருக்கோம். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் பின்னே எப்படி நினைப்பதாம்? இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் ஒரு கான்வென்டில் பி.டி. டீச்சராக இருந்தாள் யூனிஸ். விசில் ஊதி லைனில் நிற்கவைப்பது, நகம் பார்ப்பது, சுதந்திர தினத்துக்கு லெஃப்ட் ரைட் போடவைப்பது. அங்கே திரும்பிப் போவதைவிடக் கல்லறைக்கே நேராகப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் இந்த வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரிப்போர்ட்டை நாலு தடவை படித்துத்தான் அனுப்பினாள்.

அப்படிப் படித்துப் படித்து அனுப்பியதில் ஒன்று இது: "மோனிகா. லெஃப்ட் விங். ஊர், கோலார் தங்கவயல். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் பார்த்த ஐந்து ஆட்டத்திலும் எழுபத்தைந்தாவது நிமிடத்தில் வெளியே போய்விட்டாள். ஸ்டாமினா இல்லை. சோம்பேறித்தனமும் இருக்கலாம். கிரேடு சி." தியோடர் உட்பட ஆறு கிளப் ஸ்கவுட்டுகளும் இதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரே கோட்டோரம் நின்று ஒரே ஃபிளாஸ்க் டீயைக் குடிக்கிறவர்கள் வேறு என்னத்தை எழுதுவார்கள்?

டிராஃப்டுக்கு நாலு நாள் முன்னால், அல்சூர் பக்கத்து மைதானத்தில் கடைசி ஆட்டம். தியோடர் வேறொரு ஆட்டத்துக்குப் போயிருந்தான். யூனிஸ் வந்தது எதிர் அணியின் வீணாவைப் பார்க்க. வீணா பாலசுப்ரமணியனின் லேப்டாப்பே காதலித்த ஸ்டிரைக்கர். நாலு மணிக்கு ஆரம்பித்த ஆட்டத்தில் சரியாக ஐந்தரைக்கு, எழுபத்தைந்தாவது நிமிடத்தில், மோனிகாவின் கோச் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். மோனிகா வெளியே வந்தாள். அப்போதுதான் யூனிஸ் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தாள். களைத்தவள் பெஞ்சில் உட்கார வேண்டாமா? இந்தப் பெண் பையைத் தோளில் மாட்டினாள், கேட்டைத் தாண்டினாள், ஒரே ஓட்டமாக ஓடினாள்.

'பையன் விஷயம்' என்று யூனிஸ் முடிவே கட்டிவிட்டாள். ரிப்போர்ட்டில் சேர்க்க ஒரு வரி கிடைத்த சந்தோஷத்தில் ஓர் ஆட்டோவைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு பின்னாடியே போங்கண்ணா."

"மேடம் போலீசா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அத விட மோசம். போங்க."

அல்சூர் ஏரியைச் சுற்றி வருவதற்குள் மோனிகா ஐம்பது அடி முன்னால் இருந்தாள். கென்சிங்டன் ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றது, மோனிகா நிற்கவில்லை. செயின்ட் ஜான்ஸ் ரோட்டில் ஆட்டோ அவளைப் பிடித்துத் தாண்டியது. உடனே ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆட்டோவை ஒட்டி அந்தப் பெண் மறுபடியும் தாண்டிப் போனாள், மூச்சு வாங்க வாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆட்டோக்காரர் ஹேண்டிலை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எறங்கி ஓடுங்க மேடம். இன்னிக்கி இந்த வண்டி அந்தப் பொண்ண புடிக்காது."

யூனிஸ் இறங்கி ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது மரியாதைக்கு. கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குள் அவள் போய்ச் சேர்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணில் சாய வேண்டியிருந்தது. நல்லவேளை, தங்கவயல் வழியாகப் போகும் மாரிக்குப்பம் ரயில் பத்து நிமிடம் லேட். மோனிகா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யூனிஸைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உக்காருங்க மேடம். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

யூனிஸுக்குப் பேச்சு வர இரண்டு நிமிடம் ஆனது. "தினமும் இதே வேலையா?"

"மேட்ச் அன்னிக்கி மட்டும் மேடம். இந்த வண்டிய விட்டா அடுத்தது வீட்டுக்குப் போயி சேர ராத்திரி பத்தர ஆயிடும். ஸ்டேஷன்லேர்ந்து எங்க லைன் வீட்டுக்குப் போற வழில லைட்டு கெடையாது. அப்பா ஒத்துக்க மாட்டாரு. கோச் சாரே டைம் பாத்து வெளிய கூப்டுவாரு."

"ஆட்டோல வரலாமில்ல?"

"ஆட்டோல வந்தா வண்டி போயிடும் மேடம்."

சற்று முன்தான் யூனிஸ் அதை நேரிலேயே பார்த்திருந்தாள். "ஏன்டி, ஆறு கிளப் ஆளுங்க வந்து பாத்தாங்க. ஒருத்தர் கிட்டயாவது இத சொன்னியா?"

"யாரும் கேக்கலியே மேடம்" என்றாள் மோனிகா. குறையாகச் சொல்லவில்லை, ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து யாரோ ஒரு அக்கா அவள் பையை வாங்கிக்கொள்ள, ஏறிப் போய்விட்டாள்.

யூனிஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷமாகப் பந்தைப் பார்க்கிறவள், ஒரு பெண் ஏன் வெளியே போகிறாள் என்று கேட்க வாய் வரவில்லையே. இப்போது பாலசுப்ரமணியனிடம் போய் உண்மையைச் சொன்னால், 'சி' தப்பு என்றாகிவிடும். மூன்றாவது தப்பு. விசிலும் நகமும் அவளைக் கூப்பிட்டன. அதனால் ஒரு குறுக்குவழி யோசித்தாள். முதல் சுற்றில் மேனேஜரின் வீணாவை எடுக்கட்டும். இரண்டாவது சுற்றில் 'சும்மா ஒரு சான்ஸ் பார்ப்போம் சார்' என்று மோனிகாவை எடுத்துக்கொள்ளலாம். சி கிரேடை வேறு யார் சீண்டப்போகிறார்கள்? பெண்ணும் கிடைப்பாள், நாற்காலியும் தப்பும்.

தியோடரின் மோப்பம் ஒன்றுதான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவன் ஆரம்பித்தான்.

"கடைசி மேட்ச்ல யாராவது தேறுனாங்களா?"

"வீணான்னு ஒரு தெண்டம். ஸ்டிரைக்கராம். கோல் போஸ்ட்ட கண்ணாடி போட்டு தேடுறா" என்று யூனிஸ் சரியான இடத்தில் சரியாகத் திட்டினாள். தியோடர் எலும்பைக் கடித்துக்கொண்டே தலையாட்டினான்.

"அந்த கே.ஜி.எஃப் பொண்ணு ஆடுச்சா? ஒண்ணேகா மணி மோனிகா?"

யூனிஸ் திட்ட வாயைத் திறந்தாள். திட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று கடைசி நொடியில் உறைத்தது. "நல்ல பொண்ணு" என்றாள். "பாவம், அடக்கமான பொண்ணு. நல்லா இருக்கட்டும்."

தியோடர் இன்னொரு கரண்டி தயிர்ப்பச்சடி போட்டுக்கொண்டான். யூனிஸுக்குத் தன் சாமர்த்தியத்தில் தனக்கே மயக்கம். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

டிராஃப்ட் அன்று லேக்சைட்டுக்கு இரண்டாவது இடம், ஈஸ்ட் எண்டுக்கு மூன்றாவது. முதல் கிளப் ஒரு கோல்கீப்பரை எடுத்தது. பாலசுப்ரமணியன் எழுந்து, சொந்த மகளுக்குப் பெயர் வைப்பது போல "வீணா" என்றார். மைக் தியோடரிடம் போனது. அவன் தங்கையை ஒரு தடவை பார்த்தான்.

"மோனிகா. கோலார் தங்கவயல்."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முதல் சுற்றில் சி கிரேடா? பாலசுப்ரமணியன் யூனிஸின் பக்கம் சாய்ந்து, "பாவம் உங்க அண்ணன். அந்தப் பொண்ண பத்தி நீங்க எழுதுனத படிச்சிருந்தா பொழச்சிருப்பாரு" என்றார். அந்த வருஷத்தில் அவர் அவளிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. யூனிஸ் கையிலிருந்த பிஸ்கட் இரண்டாக உடைந்தது.

டீ இடைவேளையில் அண்ணனை மாடிப்படி ஓரமாக மடக்கினாள். "எப்படித் தெரியும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நாப்பது வருஷத்துல நீ எவளையும் நல்ல பொண்ணுன்னு சொன்னது கெடையாது. சொன்னன்னா அதுல ஏதோ இருக்குன்னு எடுத்துட்டேன். இப்ப சொல்லு, அவ கிட்ட இன்னாதான் இருக்கு?"

"போடா" என்று சொல்லிவிட்டு யூனிஸ் டீயை வாங்கப் போனாள்.

டீ மேஜை அருகில் மோனிகா நின்றிருந்தாள், வளையல் போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிட்ட சந்தோஷம் முகம் முழுக்க. "மேடம், ஈஸ்ட் எண்ட்ல பிராக்டிஸ் எத்தன மணிக்கி?" என்று கேட்டாள்.

யூனிஸுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. வெளிமாநிலப் பெண்களுக்குத்தான் கிளப்பில் ரூம், கர்நாடகப் பெண்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இந்தப் பெண் வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். தினமும் ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். ஒரு வாரத்தில் 'சோம்பேறி' என்று பெயர் வரும், ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் 'சி' சரி என்றாகிவிடும். நாற்காலி பத்திரம். யூனிஸ் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலை தின்றால் போதும்.

"கேட்டு சொல்றேன்" என்றாள்.

டீயை வாங்காமல் மாடிப்படிக்குத் திரும்பி வந்தாள். தியோடர் இன்னும் அங்கேயே நின்றிருந்தான்.

"உன் நோட்ட எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு. அவ ஒரு ஊமக் கோட்டான். கேட்டாத்தான் சொல்லுவா, கேக்கலன்னா செத்தாலும் சொல்லமாட்டா. திமிர் புடிச்ச கழுத, பந்த விடவே மாட்டா, மூணு பேரு சுத்தி நின்னாலும் விடமாட்டா. மண்டைல மூள கெடையாது, வலது காலு சும்மா ஊன்றதுக்கு வெச்சிருக்கா."

தியோடர் படியிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. "திட்டு, திட்டு. மெதுவா திட்டு."

அவள் ரயிலைச் சொன்னாள். கோச்சின் கடிகாரத்தைச் சொன்னாள், லைட் இல்லாத பாதையைச் சொன்னாள். "காலை வண்டி எட்டு மணிக்கெல்லாம் இங்க வந்துடுது. பிராக்டிஸ ஒம்போதுக்கு மாத்து. மாத்தலன்னா அவ ஆட்டத்த கெடுத்தவன் நீதான்."

தியோடரின் பேனா நின்றது. அவனுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. "யூனி, இவ நல்லா ஆடுனா உன் ரிப்போர்ட் தப்புன்னு ஆயிடும். உங்காளு உன்ன தூக்கிடுவான்."

"தப்புதான. நான்தான கேக்காம எழுதுனேன்."

அவன் நோட்டை அவள் பக்கம் திருப்பி, காலியாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினான். "ஸ்டாமினா. இங்க இன்னா போட?"

யூனிஸ் அவனிடமிருந்து பேனாவைப் பிடுங்கினாள். 'ஆட்டோவை முந்துவாள்' என்று எழுதி, எதிரி கிளப்பின் அந்தக் காகிதத்தில் கீழே தன் முழுப் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு பாலசுப்ரமணியன் உட்கார்ந்திருந்த மேஜையைப் பார்த்து நடந்தாள்.