கிரீடம் இல்லாத துரியோதனன்

மூக்கின் இடப்பக்கம் அந்த மருவை வைப்பதா வேண்டாமா என்று நடராசன் வெகுநேரம் யோசித்தான். உருட்டிய களிமண் எலுமிச்சம்பழ அளவில் கையில் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்தது துரியோதனனின் மார்பின்மேல். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே, உழுது போட்ட நிலத்தில், முப்பது முழ நீளத்துக்கு அந்த மண் உருவம் மல்லாந்து கிடந்தது. மறுநாள் காலை கூத்தில் பீமன் வேடக்காரன் வந்து இதன் தொடையைப் பிளப்பான். உள்ளே புதைத்த சட்டியிலிருந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அதை எடுத்துத் தலையில் தடவித் திரௌபதி கூந்தலை முடிவாள். அதோடு திருவிழா முடியும். வருஷா வருஷம் இந்த உருவத்தைச் செய்வதற்காக நடராசன் குடும்பத்துக்கு ஏரிக்குக் கீழே அரைக்காணி நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. அதற்குத் தீர்வை என்கிற நிலவரி கிடையாது. அதில் விளைகிற கேப்பைதான் அவனுக்கும் பெண்டாட்டிக்கும் எட்டு மாதச் சாப்பாடு.

"வெய்யிடா. இன்னா தடவிக் குடுத்துக்கினு இருக்க?" என்றான் கீழே நின்ற அப்பாதுரை.

"மரு வேணுமாண்ணா?"

"அது இல்லாங்காட்டி இவன் துரியோதனன். இருந்தாத்தான் அவரு."

அவர் என்றால் மணியக்காரர் சீனுவாசன். ஊரில் தீர்வை வசூலிப்பவர். மல்லாட்டைக் கடலையின் விலை பாதியாக இறங்கி அது மூன்றாவது வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. தீர்வை மட்டும் காலணாவும் இறங்கவில்லை. கட்ட முடியாதவர்கள் வீட்டில் அண்டா போனது, தவலை போனது. அப்பாதுரை வீட்டில் ஒரு ஜோடி எருது போனது. மணியக்காரருக்கும் நாற்பது காணி உண்டு. அவர் வீட்டில் ஒரு சொம்பும் போகவில்லை. அவருக்கு எப்படிக் கட்ட முடிந்தது என்று கேட்க ஆள் இல்லை. கேட்கலாம் என்று அப்பாதுரைக்குத் தோன்றிய ஒரே இடம் இந்த மண்ணின் முகம்.

கூழ்ச் சட்டியோடு வந்த நடராசனின் பெண்டாட்டி சின்னபொண்ணு முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியை இறக்காமலே நின்றாள். கிரீடம் இருக்கவேண்டிய இடத்தில் வால் விட்ட தலைப்பாகை. தொப்புளுக்குக் கீழே தொந்தி சரிந்த வேட்டிக்கட்டு.

"ஏன்யா, அவுருக்கு மாடு போச்சி, பேசறாரு. நமுக்கு இன்னா போச்சி? உனுக்கு எதுக்குய்யா இந்தப் பேஜாரு?"

"நாளைக்கு ஒடைக்கப் போற மண்ணு. போ."

"ஒடைக்கறதுக்குள்ள ஊரே பாக்குமே."

அதற்காகத்தான் செய்தான். அப்பன் செய்த முகம் யாருடைய முகமும் இல்லை. பெரிய கண், பெரிய மீசை. அதைப் பார்த்து யாரும் பல்லைக் கடித்ததில்லை, சிரித்ததில்லை. தன் கையால் ஊர் ஒருமுறையாவது ஏதாவது சொல்லவேண்டும் என்று நடராசனுக்கு ஆசை இருந்தது. அப்பாதுரை கிளப்பிவிட்டான் என்பது பாதிதான் உண்மை. மருவை வைத்து அழுத்தினான். சுண்ணாம்பும் கரியும் குழைத்துக் கண் திறந்தான். கண் திறந்தபின் உருவத்தில் கை வைக்கக்கூடாது என்பது முறை. சின்னபொண்ணு கூழை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் கூட்டம் வந்தது. முதலில் ஒரு கிழவர் இருமுவது மாதிரி சிரித்தார். அவ்வளவுதான், நிலம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஒருவன் காயே பிடிக்காத மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து உருவத்தின் கையில் செருகினான். குப்பம்மாள் என்கிற விதவை, ஜப்தியில் போன அண்டாவின் மூடியைக் கொண்டுவந்து தொந்திமேல் வைத்தாள். "அண்டாவ எடுத்தியே, மூடிய மறந்துட்டியே சாமி, இந்தா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

முதல் மரியாதை வாங்க மணியக்காரர் வந்தார். வழி விட்டார்கள். உருவத்தைக் காலிலிருந்து தலைவரை நடந்து பார்த்தார். மூடியைப் பார்த்தார். மருவைப் பார்த்தார்.

"நல்லா பண்ணிருக்கடா நடராசா. எத்தினி நாளாச்சி?"

"அஞ்சி நாளுங்க."

"கிரீடம் எங்க?"

நடராசன் விரலில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினான். கூட்டத்திலிருந்து அப்பாதுரை கத்தினான்: "ராசாவுக்குக் கட்டுப்படியாவலீங்க. தீர்வைக்கு வித்துட்டாரு!"

வெடித்துச் சிரித்தார்கள். மணியக்காரரும் சிரித்தார். விபூதி வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு போனார். பீமன் தொடையைப் பிளந்தபோது அப்பாதுரை குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். நடராசன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடராசனின் வாழ்க்கையில் அத்தனை பேர் அவன் வேலையைப் பார்த்தது அன்றுதான்.

ஆனி மாதம் திண்டிவனத்தில் ஜமாபந்தி. பந்தலில் அதிகாரி உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தார். மணியக்காரர் பழைய காகிதம் ஒன்றை நீட்டினார். கிரீடமும் கதாயுதமும் கூடிய துரியோதன உருவம் செய்துவரும் வரைக்கும் மானியம் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. இந்த வருஷம் கிரீடம் இல்லை, ஊழியம் முறைப்படி நடக்கவில்லை என்றார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது தன் முகம் என்று சொல்ல அவர் என்ன மடையரா?

"யார் பார்த்தது?" என்றார் அதிகாரி.

நடராசனைத் தவிர ஊரிலிருந்து வந்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர், கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். மூன்றாவது ஆள் அப்பாதுரை. அவன் வந்தது வேறு வேலையாக. அறுவடைவரை தவணை கொடுத்து எருதுகளைத் திருப்பிவிடும்படி மனு. அதில் மணியக்காரரின் சிபாரிசுக் கையெழுத்து வேண்டும். அந்தக் காகிதமும் மணியக்காரர் கையில்தான் இருந்தது. அவர் அதைக் கொண்டு மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார்.

"கிரீடம் இருந்ததா?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

அப்பாதுரை தரையைப் பார்த்தான். "இல்லீங்க."

"பின்ன தலையில் என்ன இருந்தது?"

"தலைப்பாகைங்க."

"யார் கட்டுகிற மாதிரித் தலைப்பாகை?"

பந்தலில் ஒருவன் தும்மினான். மணியக்காரரின் கை விசிறுவதை நிறுத்தியது.

"அது தெரியலீங்க" என்றான் அப்பாதுரை.

முதலில் சொன்னது நிஜம். அந்த நிஜத்தில்தான் நிலம் போனது. மானியம் ரத்து, இந்தப் பசலி வருஷத்திலிருந்து தீர்வை என்று எழுதினார்கள். நடராசன் கைநாட்டு வைத்தான். விரலில் ஒட்டிய மை, களிமண்ணைப்போல் வேட்டியில் துடைத்தால் போவதாக இல்லை.

ஊருக்குத் திரும்பும் கிளியனூர் சாலையில் நடராசன் முன்னால் நடந்தான். பின்னால் இருபது அடி தள்ளி எருதுகளை ஓட்டிக்கொண்டு அப்பாதுரை. நடராசன் நின்றால் அவனும் நின்றான். ஒரு சாவடியில் நடராசன் தண்ணீர் குடித்தபோது அப்பாதுரை எருதுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஜப்தி மாடுகளை அடைக்கும் பட்டியில் கிடந்ததில் அவற்றின் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. திட்டலாம் என்று நடராசன் பலமுறை நினைத்தான். அந்த எலும்பைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தான்.

ஏரிக்கரை திரும்பியபோது, கீழே அரைக்காணியில் சின்னபொண்ணு குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். சாண் உயரக் கேப்பைப் பயிர். குளம்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவள் முதலில் பார்த்தது எருதுகளை.

"அண்ணா! மாடு வந்துடிச்சா!"

பிடுங்கிய களையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, முகம் எல்லாம் சிரிப்பாக, அவள் கரையை நோக்கி வரத் தொடங்கினாள். பயிர்மேல் கால் படாமல், பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தாள்.