முசியே கன்னியப்பனின் பிரெஞ்சு

கன்னியப்பனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று அலுவலகமே நம்பியது. நம்பாத ஒரே ஆள் கன்னியப்பன்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுவது அவர் வேலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ம்ம்..." என்று இழுத்துவிட்டு அவர் எழுதிக் கொடுக்கிற தோரணையில் மயங்கி எல்லோரும், பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல, 'முசியே' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்துக்காகவே வேலையை யாருக்கும் சொல்லித் தராமல் காபந்து பண்ணிவந்தார். மாற்றல் வந்தபோதெல்லாம் மற்றவர்கள் எங்கோ தொலைவில் இருக்கிற ஏனாமுக்கு மூட்டை கட்டினார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முசியேயை யாரும் அசைக்கவில்லை.

வினை, பதவி உயர்வாக வந்தது. அதே ஊரில் இன்னோர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை, கண்ணாடித் தடுப்புப் போட்ட தனி அறை. அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் அதிகாரி ராஜவேல் அப்போதுதான் ஹைதராபாத்தில் 'அறிவு மேலாண்மை' பயிற்சி முடித்துவந்த சூட்டில் இருந்தார்.

"ஒரு வேல ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது. யாருக்காவது கத்துக் குடுங்க, அப்புறந்தான் விடுவேன். வெள்ளிக்கெழம போய்ச் சேரலன்னா அந்த போஸ்ட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

கற்றுக்கொண்டால் வேலை தன் தலையில் விழும் என்று தெரியாத அப்பாவி அங்கே யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒருவழியாகச் சிக்கியவள் ஹேமலதா, புதிதாகச் சேர்ந்த எழுத்தர்.

கன்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'நே' என்றால் பிறந்தது. 'மோர்' என்றால் செத்தது, குடிக்கிற மோர் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம்தான், பெயரும் தேதியும்தான் மாறும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சரக்கு தீர்ந்துவிட்டது. ஹேமலதா தானே ஒரு பதிவைப் படித்துப் பிழையில்லாமல் எழுதினாள்.

"இவ்ளோதானா சார்?"

கிண்டல் இல்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த முசியே ஒரே காலையில் காலி.

"என்ன கன்னியப்பன், கத்துக்கிட்டாங்களா?" ராஜவேல் கையில் விடுவிப்பு ஆணையும் பேனாவுமாக வந்து நின்றார்.

"ஆச்சு சார். ரொம்ப ஈஸி!" என்றாள் ஹேமலதா.

தலையை ஆட்டியிருந்தால் போதும். கன்னியப்பனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஈஸியா? ஏம்மா, நீ படிச்சது ஆனா ஆவன்னா. பிரெஞ்சு சமுத்திரம் சார்! இவங்களுக்கு இன்னும் எவ்ளோ வரணும்!"

ராஜவேல் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவை மூடினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் முசியே. அப்ப உங்கள எப்படி விடுறது? அந்த போஸ்ட்ட அடுத்த ஆளுக்கே போடச் சொல்லிடறேன்."

அவர் போனதும் ஹேமலதா நாற்காலியை ஆவலாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மீதிய இப்பவே ஆரம்பிச்சுடலாமா சார்?"