கேன் தண்ணீரில் நின்ற சென்சார்

காலையிலிருந்தே ஜான்சிக்குப் பயம். திருநீர்மலைக்குப் பின்னாலிருக்கும் குமரேசனின் குரோம் பிளேட்டிங் பட்டறையில் அவள்தான் கெமிஸ்ட். பைக் பாகங்களைக் கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்து, சோதித்து, கையெழுத்துப் போடுவது அவள் வேலை. சோதிப்பதை விட்டுப் பத்து மாதமாகிறது. கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

எல்லாம் அந்தச் சென்சாரால் வந்த வினை. கழிவுநீர்க் குழாயில் நின்று, கால் மணிக்கு ஒரு தரம் அளவெடுத்து, தானே அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டியது அது. குமரேசன் அதை உருவி, கேன் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் போட்டுவிட்டார். இந்தத் திருட்டுத்தனத்தைச் செய்கிற மற்றவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள், அளவு நம்பும்படி இருக்க, பக்கெட்டில் போர்வெல் தண்ணீரையும் கலந்து வைப்பார்கள். நம்ம ஆளுக்கு எதையும் சுத்தமாகச் செய்துதான் பழக்கம். துளி அழுக்கில்லாத அளவு மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது.

புதிய தொழில் கொள்கைப்படி, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் பட்டறைக்குக் கரண்ட் கட்டணத்தில் சலுகை என்றார்கள். குமரேசன் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பித்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. முதலிடம் பிடிக்கும் பட்டறையின் தண்ணீரைக் குழாய் போட்டு ஏரியில் விடுவார்கள் என்று அதில்தான் எழுதியிருந்தது. முதலிடம் பிடித்ததும் அவர்தான். ஜான்சி வீட்டு போருக்கும், சுற்றியுள்ள முந்நூறு வீட்டு போருக்கும் ஊற்று அந்த ஏரி.

"உண்மைய சொல்லிடலாம் சார்" என்று முந்தாநாள் கெஞ்சிப் பார்த்தாள்.

"சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான். கையெழுத்து உன்னுது" என்றார் குமரேசன். "ஏரி எம்மாம் பெருசு. கலந்தா இன்னா தெரியப்போவுது? வாய மூடிகினு இரு."

மூடிக்கொண்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒற்றைச் சம்பளம். மூடாமல் என்ன செய்வாள்?

இன்று ஏரிக்கரையில் அந்தக் குழாயைத் திறக்கும் பூசை. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சுபத்ரா வால்வைத் திறந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. மஞ்சள் நிறம் கண்ணில் படாத அளவுக்கு மட்டும் வடிகட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் குரோமியம் யார் கண்ணுக்கும் தெரியாது. குமரேசன் மனைவி சாமுண்டீஸ்வரி ஒரு சொம்பில் பிடித்தாள். வயலில் பம்புசெட் போட்ட நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் முதல் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடிப்பது வழக்கம்.

சொம்பு முதலில் ஜான்சியிடமே வந்தது.

"வேணாங்க்கா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்று முணுமுணுத்தாள்.

சாமுண்டீஸ்வரி சிரித்துவிட்டு ஆறு வயது மகள் அனுப்பிரியாவைக் கூப்பிட்டாள். குமரேசன் பாய்ந்து வந்தார்.

"பாப்பாவுக்கு சளி. அப்புறம் காய்ச்சல் வந்துடும்."

குழந்தைக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை. ஜான்சிக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அப்படியே தன்மேலும் திரும்பியது. அவருக்கொரு சாக்கு, இவளுக்கொரு சாக்கு. பட்டறை கூட்டும் பேபிக்கு எந்தச் சாக்கும் தெரியாது. முதலாளியம்மா கையால் கிடைக்கிறதே என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். தண்ணீர் விழுந்தது. குமரேசன் மலைக்கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜான்சி பேபியின் மணிக்கட்டைப் பிடித்து உதறினாள். தண்ணீர் தரையில் சிதறியது.

"குடிக்காதீங்க்கா. அது விஷம்."

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சுபத்ரா போனைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்குன்னுதானே வந்தது?"

"அவதான் கையெழுத்துப் போட்டவ மேடம்" என்றார் குமரேசன் அவசரமாக. "எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளையே கேளுங்க."

போலீஸ் ஜீப்பும், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளின் முகங்களும் ஜான்சியின் கண்முன் வந்து போயின. பேபியின் கையை அவள் இன்னும் விடவில்லை.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன்" என்றாள். "மொதல்ல அந்த வால்வ மூடச் சொல்லுங்க."